நிழல் பக்கம் மாறும் மாதங்கள்: தக்கலைப் பக்கத்து விளை ஒன்றில் ஐந்து பந்தல்கள்

2022 மாசியில் எங்கள் வீட்டுப் புடலைப் பந்தலைப் பார்த்துவிட்டுப் போன எல்லோரும் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். “நல்லா பசேல்னு நிக்குதே!” பசேல் என்றுதான் நின்றது. கமுகு வாரி வெளியே தெரியாத அளவுக்கு இலை மூடிக் கிடந்தது. அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தால் பிஞ்சு என்று ஒன்று கிடையாது. அம்மா தினமும் காலையில் ஒரு ஈர்க்குச்சியோடு போய் இலைகளை விலக்கி விலக்கிப் பார்த்துவிட்டு வருவாள், காயெல்லாம் எங்கோ ஒளிந்திருப்பதுபோல.

2021 ஆடி முதல் 2024 சித்திரை வரை ஒரே விளையில் (வீட்டைச் சுற்றிய தோட்டத்தை எங்கள் பக்கம் விளை என்போம்) ஐந்து முறை பந்தல் கொடி ஏற்றினோம். எது நடந்தது, எதை நாங்கள் தப்பாகப் புரிந்துகொண்டோம், எதை மாற்றியபின் காய் வந்தது என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன். நான் பள்ளியில் புவியியல் நடத்துகிறவன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விவகாரத்தில் அதிகம் வெட்கப்பட வேண்டியவன் நான்தான்.

விளை

குமரி மாவட்டத்துத் தக்கலைக்கு வடக்கே, செம்மண் மேட்டில், வீட்டையும் சேர்த்து 14 சென்ட். வீடு கிழக்கே ரோட்டைப் பார்த்து நிற்கிறது. வீட்டுக்குப் பின்னால், விளையின் நடுவில், தாத்தா நட்ட வருக்கைச் சக்கை மரம், அதாவது பலா. உயரம் சுமார் 40 அடி, குடை விரித்ததுபோல நாலு பக்கமும் கொம்பு. மரத்துக்கு வடக்கே கிணறும் துவைகல்லும் அடுக்களை முற்றமும். தெற்கே காலி இடம். அது எப்படிக் காலியானது என்று பிறகு சொல்கிறேன். வடமேற்கு மூலையில் ஒரு கொடம்புளி. கிணற்றடியில் கறிவேப்பிலை. வேலியோரம் நாலு தெங்கு, ஒரு செங்கவருக்கை மா, ஒரு முருங்கை, அப்புறம் அடிக்கடி இடம் மாறும் மட்டி வாழைக் கூட்டம். கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். “அதுக்கு முன்ன அது என்ன வாழையாம்?” என்று கேட்டாள்.

ஜாதிக்காய் மரம் இரண்டு உண்டு. அப்பா விதைக்கன்றாக வாங்கி நட்டவை. ஜாதிக்காயில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு, பூக்கும்வரை தெரியாது. பூக்க ஆறேழு வருடம் ஆகும். ஒன்று பெண்ணாக வந்து காய்க்கிறது. மற்றது ஆண். தண்ணீர் ஊற்றி, சருகு மூடி, எட்டாவது வருடம் பூத்தபோது அப்பா அதன் அடியில் நாற்காலி போட்டு அரைமணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். ஒட்டுக்கன்று வாங்கியிருந்தால் இந்தப் பாடு இல்லை. ஆனாலும் மரத்தை எடுக்கவில்லை. மகரந்தத்துக்கு ஆண் மரமும் வேண்டும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஆடிப் பந்தல், 2021

ஆடிப்பட்டம் தேடி விதை என்ற பழமொழி இங்கே விளவங்கோடு, கல்குளம் பக்கத்துக்கு அப்படியே பொருந்தாது. தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் ஆடி என்பது மழையை எதிர்பார்த்து விதை போடும் மாதம். எங்களுக்கு இடவப்பாதியிலேயே, அதாவது வைகாசி நடுவிலேயே, தென்மேற்கு மழை பிடித்திருக்கும். ஆடியிலும் சொட்டிக்கொண்டேதான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மறுபடி ஒரு மழைக்காலம். நெல்லுக்குக்கூட இங்கே கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகத்துக்கும் தனிக் கணக்கு.

இதெல்லாம் தெரிந்தும், ஊரடங்கில் வீட்டில் கிடந்த சலிப்பில், ஆடியில் பந்தல் போட்டோம். இடம் தேட வேண்டியிருக்கவில்லை. கிணற்றுக்கும் சக்கை மரத்துக்கும் நடுவில் துவைகல்லை ஒட்டிய இடம். தண்ணீர் பக்கம், அடுக்களை பக்கம். கமுகைப் பிளந்து வாரி எடுத்து, ஆறடி உயரத்தில் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடியில் பந்தல். அடிமரத்திலிருந்து எட்டடியில் தொடங்கி இருபதடியில் முடியும். நாலு குழி புடலை, இரண்டு பாகல், ஒரு பீர்க்கு.

கொடி ஏறியது, பூத்தது, மழை அடித்தது. ஆண்பூ நனைந்து கூழாகி விழும். வண்டு பறக்காது. இலையில் மஞ்சள் திட்டு விழுந்து காய ஆரம்பிக்கும். அப்படியும் ஆறு புடலங்காய் கிடைத்தது. அந்த ஆறில் நாலை நாலு வீட்டுக்குக் கொடுத்து, நாங்கள் இரண்டை துவரன் வைத்துச் சாப்பிட்டோம். மழையில்லாத மாதமாக இருந்தால் எவ்வளவு காய்த்திருக்கும் என்று பேசிக்கொண்டோம். அந்தப் பேச்சில்தான் தப்பு தொடங்கியது.

மார்கழிப் பந்தல்: இலை மட்டும்

2021 நவம்பரில் குமரி முழுக்க வெள்ளம். அது வடிந்து, வானம் தெளிந்து, மார்கழி முதல் வாரத்தில் அதே பந்தலில், அதே குழிகளில் விதை போட்டோம். தையில் கொடி ஏறி, மாசியில் காய்க்க வேண்டும் என்பது கணக்கு. மழை இல்லை. நோய் இல்லை. தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில். காய் மட்டும் இல்லை.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். உரக்கடையில் சத்துக் குறைவு என்று யூரியா தந்தார்கள். போட்டேன். இலை உள்ளங்கை அகலம் இருந்தது, முறம் போல ஆனது. தழைச்சத்து கூடினால் கொடிவகைகள் காய்ப்பை விட்டுவிட்டு இலையும் தண்டுமாகவே வளரும் என்பது அப்போது நான் யோசிக்காத விஷயம். அடுத்த வீட்டு அண்ணாச்சி, சக்கை வேரில் பால் உண்டு, கொடிக்கு ஆகாது என்றார். பால் கதை சரியில்லை. வேர் என்பது மட்டும் பாதி உண்மை; குழி தோண்டும்போது பெருவிரல் பருமனில் சக்கை வேர் குறுக்கே வந்தது, அது தண்ணீரையும் சத்தையும் இழுக்காமல் இருக்காது. பெரியம்மா வந்து பார்த்துவிட்டு, கண்ணு பட்டிருக்கிறது என்று ஒரு கரிச்சட்டியைக் கவிழ்த்துத் தொங்கவிட்டுப் போனாள். அதனால் கெடுதல் ஒன்றும் ஆகவில்லை. யூரியாவால் ஆன கெடுதலோடு ஒப்பிட்டால் கரிச்சட்டி நல்ல ஆலோசனைதான்.

அண்ணன் குவைத்தில் இருக்கிறான். வீடியோவில் பந்தலைப் பார்த்தவன், “அந்தச் சக்கைய வெட்டிப் போடு, எல்லாம் காய்க்கும்” என்றான். அவனுக்கு அந்த மரத்தின்மேல் 2017-இலிருந்தே பயம். நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது அவன் விடுமுறையில் இங்கே இருந்தான். தெற்குப் பக்கம் நின்ற சீமைச்சக்கை (கறிப்பலா) வேரோடு பெயர்ந்து, பக்கத்துத் தெங்கு இரண்டையும் சேர்த்துக்கொண்டு விழுந்தது. அந்தக் காலி இடம் அப்படி வந்ததுதான். கரண்டு இல்லாத அந்த நாட்களில் அவன் ராத்திரி முழுக்க வருக்கை மரத்தையே டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். தடி வியாபாரியும் வந்து மரத்தைக் கையால் தட்டிப் பார்த்து, சுற்றளவுக்கு முழம் போட்டு, ஒரு விலை சொன்னார். நல்ல விலைதான்.

அம்மா வியாபாரிக்குக் கட்டன்சாயா கொடுத்தாள். விலையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அவர் போனதும் என்னிடம் சொன்னாள்: “ஒக்கியில விழாத மரத்த நாம என்னத்துக்கு மக்களே விழத்தட்டணும்? காய்க்காதது பொடலைக்க குத்தம். மரத்துக்க குத்தம் இல்ல.”

சிரட்டைக் கணக்கு

மரத்துக்கும் குற்றமில்லை, புடலைக்கும் குற்றமில்லை என்று தெரிந்தது 2022 பிப்ரவரி 27, ஞாயிற்றுக்கிழமை.

காலை எட்டு மணிக்கு அம்மா அடுப்படியிலிருந்து ஒரு கடவம் சிரட்டையை, அதாவது கொட்டாங்குச்சியை, கொண்டுவந்து முற்றத்தில் கொட்டினாள். மரத்து நிழலின் ஓரம் எங்கே விழுகிறதோ அங்கே மணிக்கு ஒரு வரிசை சிரட்டை கவிழ்த்து வைக்க வேண்டும் என்பது அவள் திட்டம். “நெழலு எம்பிடு நேரம் பந்தல்ல நிக்குதுன்னு பாப்போம்” என்றாள். நான் உள்ளே பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். ஒன்பது மணிக்கு ஒரு வரிசை. பத்துக்கு ஒன்று; அந்த வரிசை பந்தலின் மேற்குக் காலைத் தாண்டியிருந்தது. பன்னிரண்டரைக்கு அம்மா கூப்பிட்டாள்.

நேர் உச்சி. நம் கடிகாரம் அலகாபாத் (இப்போது பிரயாக்ராஜ்) பக்கத்துத் தீர்க்கரேகைக்கு வைத்தது. குமரி அதற்கு மேற்கே இருப்பதால் மாசியில் இங்கே உச்சி பன்னிரண்டரையை ஒட்டித்தான் வரும். பந்தல் முழுக்க நிழலில் இருந்தது. சிரட்டை வரிசை பந்தலைத் தாண்டி, துவைகல்லையும் தாண்டி, கிணற்றுத் தொட்டியை ஒட்டி நின்றது. உச்சி வெயிலில் மரத்தின் நிழல் அதன் காலடியில் கிடக்கும் என்று நினைப்போம். எங்கள் மரத்தின் நிழல் இருபதடி தாண்டி வடக்கே போய் நின்றுகொண்டிருந்தது.

சாயங்காலம் கூட்டிப் பார்த்தபோது பந்தலுக்கு நேர் வெயில் கிடைத்தது காலையிலும் மாலையிலுமாக மூன்று மணி நேரம்தான். புடலை, பாகல், பீர்க்கு எதற்கும் ஆறு மணி நேரத்துக்குக் குறைந்தால் ஆகாது. வெயில் போதாத கொடி வெயிலைத் தேடி நீண்டுகொண்டே போகும்; கணுவுக்குக் கணு தூரம் கூடும்; பெண்பூ குறையும். எங்கள் கொடி செய்தது அதைத்தான். அதன்மேல் நான் யூரியா வேறு போட்டேன்.

ஆனால் இதே இடத்தில் ஆடியில் வெயிலுக்குக் குறை இருக்கவில்லையே? அங்கேதான் எனக்கு உறைத்தது. தக்கலை பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டேகால் பாகையில் இருக்கிறது. சூரியன் ஏப்ரல் 11 வாக்கில் நம் தலைக்கு நேரே வருகிறது. அதற்குப்பின் வடக்கே போய்விடுகிறது. ஆகஸ்டு கடைசியில் மறுபடி தலைக்கு மேலே வந்து தெற்கே இறங்குகிறது. அதாவது சித்திரை பிறப்பதிலிருந்து ஆவணி பாதிவரை இங்கே உச்சிநேர நிழல் தெற்குப் பக்கம் விழும். மீதி ஏழு மாதமும் வடக்குப் பக்கம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பலகையில் படம் போட்டு எத்தனையோ வருடமாக நான் நடத்தும் பாடம்.

கணக்குப் போட்டேன். 40 அடி மரத்தின் உச்சி நிழல், ஜூன் 21 வாக்கில் தெற்கே சுமார் 11 அடி. டிசம்பர் 22 வாக்கில் வடக்கே சுமார் 25 அடி. இது மரத்தின் நுனிக்குச் சொல்வது. கொம்பு பதினைந்தடி அகலத்துக்கு விரிந்திருந்தால் நிழலும் அதற்கேற்பப் பரவும். ஆகவே அடிமரத்துக்கு எட்டடி முதல் இருபதடி வரை வடக்கே போட்ட பந்தல் ஆடியில் வெட்டவெளி, மார்கழியில் இருட்டறை. மழை இல்லாத மாதத்தில் வெயில் இல்லை, வெயில் உள்ள மாதத்தில் மழை.

கன்னியாகுமரி காந்தி மண்டபத்தில், காந்தியின் அஸ்திக் கலசம் வைத்திருந்த இடத்தில் அக்டோபர் 2 அன்று உச்சி வெயில் விழும்படி கூரையில் துவாரம் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். வருடாவருடம் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய் அண்ணாந்து பார்க்கச் சொல்வேன். வீட்டு முற்றத்தில் அண்ணாந்து பார்க்கத் தோன்றவில்லை. அம்மா சிரட்டைகளைப் பொறுக்கிக் கடவத்தில் போட்டுக்கொண்டே, “இதத்தான் நீ ஸ்கூள்ல படிப்பிக்கியா?” என்றாள். கிண்டலாகக் கேட்டாளா, நிஜமாகவே கேட்டாளா தெரியவில்லை.

இடம் மாறியது

மரம் நின்றது. இரண்டு கொம்பு மட்டும் இறக்கினோம். வடக்கே தாழ்ந்து பரந்தவை. சக்கை அடிமரத்திலும் தடித்த கொம்பிலும் காய்க்கிறது என்பதால் வெளிக்கொம்பைக் கழிப்பதால் காய்ப்புக்குப் பெரிய நட்டமில்லை. இலையை அண்ணாச்சி வீட்டு ஆடுகள் இரண்டு நாளில் முடித்துவிட்டன.

வடக்குப் பந்தலை அந்த வருடம் சித்திரைக்கு வைத்துக்கொண்டோம். பழைய ஆட்கள் சித்திரை பத்தாம் தேதி வாக்கில், பத்தாமுதயம் என்று சொல்லி, விதை போடுவார்கள். அந்த நேரத்தில் நிழல் தெற்கே நகர்ந்திருக்கும், கோடை மழையும் ஒன்றிரண்டு கிடைக்கும், இடவப்பாதி வருவதற்குள் கொடி காலூன்றிவிடும். மண்ணை முழங்கால் உயரத்துக்கு மேடாக்கி, வேர் அழுகாமல், தடியங்காய் (சாம்பல் பூசணி) மட்டும் போட்டோம். சுமாராக வந்தது. பெரிய சாதனை என்று சொல்ல மாட்டேன். ஏழு தடியங்காய், அதில் ஒன்று பன்னிரண்டு கிலோ. மேலே சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளை மாவு படிந்தபின் பறித்தால் மாதக்கணக்கில் கெடாது. கட்டிலுக்கடியில் உருட்டிவிட்டு ஓணம்வரை புளிசேரி வைத்தோம்.

மார்கழிக்குத் தெற்குக் காலியிடம். ஒக்கி கொண்டுபோன சீமைச்சக்கை நின்ற இடம் அது. அங்கே அதுவரை உடைந்த ஓடும் விறகும் கிடந்தது. தென்கிழக்கு மூலையில் அண்ணன் 2018-இல் வைத்த ஒட்டுமா ஒன்று, அப்போது இடுப்புயரம். நிழல் வடக்கே போகும் மாதங்களில் இந்த இடத்துக்கு மேல் மறைப்பே கிடையாது. தெங்கின் அடியிலிருந்து ஆறடிக்குள் மட்டும் குழி தோண்டவில்லை. அதன் தீனி வேர் அந்த வட்டத்தில்தான் கிடக்கிறது. கிணற்றிலிருந்து தூரம் என்பதால் ஹோஸ் நீட்ட வேண்டியதாயிற்று. யூரியா கிடையாது. உழக்கு வேப்பம் புண்ணாக்கு, சாணிப்பொடி, அடுப்புச் சாம்பல்.

அந்திப் பூ

2023 தையில் பெண்பூ வந்துவிட்டது. முதல் இரண்டு வாரம் ஆண்பூ மட்டும் கொத்துக்கொத்தாக வந்து உதிர்ந்தது. அது எல்லாக் கொடிக்கும் வழக்கம்தான். ஆண்பூ முந்தும், பெண்பூ பிந்தும். பெண்பூவை அடையாளம் தெரிந்துகொள்ள எந்தப் படிப்பும் வேண்டாம். பூவுக்குப் பின்னால் நூல் பருமனில் குட்டிப் புடலங்காய் இருக்கும்.

அந்தக் குட்டிகள் மஞ்சளாகி உதிர்ந்துகொண்டிருந்தன. இந்த முறை நான் கடைக்கு ஓடவில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பாகல் பூ மஞ்சள். விடியற்காலையில் விரிந்து, ஒன்பது மணிவாக்கில் தேனீ மொய்க்கும். மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டங்களில் தேனீப் பெட்டி வைக்கிற ஊர் இது, தேனீக்குப் பஞ்சமில்லை. பாகல் காய்த்தது. பீர்க்கு சாயங்காலம் நாலு, ஐந்து மணிக்கு விரிகிறது. புடலை இன்னும் தாமதம். விளக்கு வைத்தபின்தான் அதன் மொட்டு அசையும். முதலில் ஐந்து இதழும் சுருட்டிய நூல்கண்டு போல இருக்கும். பிறகு ஒவ்வோர் இழையாக அவிழும். ஒரு கால்மணி நேரத்தில் வெள்ளைச் சரிகை பிரித்துப் போட்டதுபோல இழை இழையாகத் தொங்கும். லேசான வாசனை. இந்தப் பூவுக்குத் தேனீ வராது. அது கூடு அடைந்திருக்கும். அந்துப்பூச்சிதான் வர வேண்டும்.

எங்கள் பந்தலுக்குப் பக்கத்துச் சுவரில் ராத்திரி முழுக்க எரியும் ஒரு எல்.இ.டி. பல்பு இருந்தது. விட்டில், அந்துப்பூச்சி எல்லாம் அதைத்தான் சுற்றிக்கொண்டிருந்தன. பல்பை அணைத்தோம். அதே வாரத்தில் அம்மா கையால் மகரந்தம் சேர்க்கவும் ஆரம்பித்தாள். ஆண்பூவைப் பறித்து, இழைகளைக் கிள்ளிவிட்டு, நடுத்தண்டைப் பெண்பூவின் வாயில் மெல்ல ஒற்றுவது. ஒரு கையில் பூ, மறு கையில் செல்போன் வெளிச்சம். இரண்டையும் ஒரே வாரத்தில் செய்ததால் எது பலித்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆய்வு என்று பார்த்தால் தப்பு. காய் பிடித்தது.

இரவு எட்டு மணிக்கு நான் பேப்பர் திருத்துவதை நிறுத்திவிட்டுப் பந்தலடிக்குப் போக ஆரம்பித்ததும் அப்போதுதான். டி.வி. சீரியலை அம்மா விட்டதும் அப்போதுதான்.

ஈ

பிடித்த காய் விரல் பருமனில் வளைந்து, ஓரிடத்தில் பிசின் கசிந்து, மஞ்சளாகி விழுந்தது. வெட்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் புழு நெளிகிறது. பழ ஈ. இளம்பிஞ்சின் தோலைத் துளைத்து உள்ளே முட்டை வைத்துவிடும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, காய் விழுந்ததும் மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாக வரும்.

கடையில் ஈப்பொறி கேட்டேன். உள்ளே மருந்துக் கட்டை வைத்த பிளாஸ்டிக் டப்பா ஒன்று தந்தார்கள். பந்தலில் கட்டிய மூன்றாம் நாள் டப்பாவில் கால்வாசி ஈ. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அண்ணனுக்குப் படம் அனுப்பினேன். அடுத்த வாரமும் காய் அழுகியது. அதற்கடுத்த வாரமும். டப்பா மட்டும் நிறைந்துகொண்டே போனது.

பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் உண்டு. டப்பாவையும் அழுகிய காயையும் எடுத்துக்கொண்டு போனேன். பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார்கள். டப்பாவில் இருந்தது மா, கொய்யாவைத் தாக்கும் ஈ. அதன் ஆண் ஈயை இழுப்பது மீத்தைல் யூஜினால் என்ற பொருள். பந்தல் காய்களைக் கெடுப்பது வேறொரு ஈ. அது மீத்தைல் யூஜினாலைத் திரும்பிக்கூடப் பார்க்காது, அதற்குக் கியூலூர் என்ற வேறு மருந்து வேண்டும். எங்கள் செங்கவருக்கைக்கு நான் மிகச் சிறப்பாகக் காவல் காத்திருக்கிறேன். புடலைக்கு அல்ல. கடைக்காரர் ஈப்பொறி கேட்டதற்கு ஈப்பொறி தந்தார், அவ்வளவுதான். எந்த ஈ என்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

பொறியை மாற்றினோம். ஆனால் பொறியில் விழுவது ஆண் ஈ மட்டும்தான், முட்டை வைப்பது பெண் ஈ. அதனால் பிஞ்சுக்குப் பத்திரிகைத்தாளில் குழல் சுற்றி மாட்டினோம். பாகலுக்குத் தாள் பை. விழுந்த காயை உரக்குழியில் போடுவதை நிறுத்தி, பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் வைத்தோம். பந்தலடி மண்ணை வாரம் ஒருமுறை மம்பட்டியால் லேசாகப் புரட்டிவிட்டுக் கோழியைத் திறந்துவிட்டோம். கோழி எவ்வளவு கூட்டுப்புழு தின்றது என்று யாருக்குத் தெரியும்? ஆனால் பந்தலடியை விட்டு அது நகரவே இல்லை. இத்தனையும் செய்து முடிப்பதற்குள் பருவம் போய்விட்டது. அந்த வருடம் ஒன்பது நல்ல புடலங்காய்.

41

ஐந்தாம் முறை, 2023 மார்கழி. விதை போட்டதும் டிசம்பர் 17, 18-ஆம் தேதிப் பெருமழை. தாமிரபரணிக் கரை பட்ட பாட்டைப் பார்த்தால் எங்கள் நட்டம் ஒன்றுமே இல்லை, நாலு குழி விதைதான் போனது. மாதக் கடைசியில் மறுபடி போட்டோம். பொறியைக் கொடி பூக்கும் முன்பே கட்டினோம். பல்பு எரியவில்லை. மார்ச் பாதியில் முதல் காய்.

நுனியில் கல் கட்டுவது மருமகளின் வேலை, அதாவது அக்காவின் மகள், ஆறாம் வகுப்பு. கல் கட்டாவிட்டால் புடலங்காய் பாம்பு சுருண்டதுபோல வளையும். முதல் கல்லை அவள் ஆசைப்பட்டுப் பெரிதாகக் கட்டியதில் காய் காம்போடு வந்துவிட்டது. அப்புறம் புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிய கல்லாகப் பொறுக்கி, வாழைநாரில் சுருக்குப் போட்டுத் தொங்கவிடப் பழகினாள். சித்திரை முதல் வாரம் பந்தலுக்குள் குனியாமல் நடக்க முடியாது. தலையில் இடிக்கும். காயின்மேல் மெல்லிய பூனைமயிர் போன்ற சுணை. நெற்றியில் பட்டால் சில்லென்று இருக்கும்.

நாலு கொடியில், சித்திரை முடிவதற்குள், 41 புடலங்காய். அடுக்களைக் காலண்டரில் அம்மா கோடு போட்டு வைத்த கணக்கு இது. பாகலும் பீர்க்கும் எண்ணவில்லை. பாகல் தீயலுக்கும் கொண்டாட்டத்துக்கும் போனது. பீர்க்கின் தோலைக்கூட விடாமல் துவையல் அரைத்தோம். புடலையில் எட்டுப் பத்து எங்களுக்கு. மற்றதெல்லாம் வீடு வீடாகப் போனது. கொடுத்த பாத்திரம் வெறுமனே திரும்பாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அண்ணாச்சி வீட்டிலிருந்து ஆட்டுப்பால், எதிர்வீட்டிலிருந்து மரச்சீனிக் கிழங்கு, கோயில்விளை வீட்டிலிருந்து ஒரு ஏத்தன் குலையில் பாதி. வடசேரிச் சந்தையில் அந்த வாரம் புடலங்காய் என்ன விலை என்று அக்கா கேட்டாள். விசாரிக்கவில்லை.

அதே சித்திரையில் வருக்கையிலும் சக்கை பழுத்தது. மதியம் மூன்று மணிக்கு மேல் மேற்கு வெயிலை அந்த மரம்தான் வீட்டில் விழாமல் தாங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் விடுமுறைக்கு வந்திருந்தான். மரத்தை வெட்டும் பேச்சை எடுக்கவில்லை. எண்ணெய் தடவிய கையோடு திண்ணையில் உட்கார்ந்து சுளை பிரித்துக்கொண்டிருந்தான்.

விதைக்கு ஒரு காயை விட்டோம். செக்கச்செவேல் என்று ஆரஞ்சு நிறத்தில் பழுத்து, ஒரு பக்கம் வெடித்தது. உள்ளே ரத்தச் சிவப்பில் சதை. விதையைக் கழுவி, சாம்பலில் புரட்டி, ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டாயிற்று.

ஒரு விஷயம் பாக்கி. தென்கிழக்கு மூலையில் அண்ணன் வைத்த ஒட்டுமா இப்போது பன்னிரண்டடி தாண்டிவிட்டது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து எழும்பும்போது அதன் காலை நிழல் நேராகப் பந்தலில்தான் வந்து விழும். அண்ணன் ஊருக்குப் போன மறுநாள், அந்த மாவின் அடியில் நாலைந்து சிரட்டை கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்தேன். அம்மாவிடம் கேட்டேன். “சும்மா கெடக்கட்டும்” என்றாள்.